லைன் வீட்டுச் சாவி

கல்லூரியில் எனக்கு வாய்த்த நண்பர்கள் எல்லாருமே எஸ் எழுத்துக்காரர்கள். நான் தேடிப் பிடித்ததில்லை. வருகைப் பதிவேடு ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது. தமிழ்நாட்டில் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் பெருங்கூட்டம் எஸ்ஸில் போய்த்தான் நிற்கும்: சங்கர், சரவணன், செந்தில், சிவா, சுரேஷ். அடுத்தடுத்த எண் என்பதால் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரே வைஸில் மாறி மாறி இரும்பைத் தேய்த்தோம். லேப்பில் ஒரே பேட்ச், பரீட்சை ஹாலில் முன்னும் பின்னும். ஹாஸ்டல் அறையையும் அதே வரிசையில் ஒதுக்கினார்கள். அப்படி நாலு வருஷம் கிடந்துவிட்டு நண்பர்களாகாமல் வெளியே வருவதுதான் கஷ்டம். ஆனால் அந்த வயதில் அது யாரோ செய்து கொடுத்த ஏற்பாடு என்று தோன்றாது. நம்முடைய குணத்துக்குச் சேர்ந்த கூட்டம் என்றுதான் நினைத்துக்கொள்வோம்.

1999-இல் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போனேன். கோவில்பட்டியிலிருந்து மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று பாதித் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டும். பெங்களூர் பஸ்ஸில் விடியும் முன் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவனுக்கு ஜூன் மாதத்தில் பல் கிட்டுகிற குளிர் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதே புதுச் செய்தி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிற ஊர் அது. டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். கல்லாவில் இருப்பவர் மாஸ்டரிடம் தெலுங்கில் சொல்வார், மாஸ்டர் பால்காரரிடம் கன்னடத்தில் சண்டை போடுவார். மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது.

எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் ஓசூருக்கு இப்போதைய முகம். 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன, எண்பதுகளின் பின்பாதியில் டைட்டன். இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சிறு பட்டறைகள் ஏராளம். அப்படி ஒன்றில் எனக்கு டிரெய்னி வேலை. ஆறு–ரெண்டு, ரெண்டு–பத்து, பத்து–ஆறு என்று மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஒன்றாக மாறும். கையில் மைக்ரோமீட்டர், சட்டையில் கூலன்ட் வாடை. அந்த வாடை சோப்புக்குப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் எந்த மாதிரிப் பட்டறையில் வேலை பார்க்கிறான் என்று ஓசூரில் மூக்கே சொல்லிவிடும்.

பட்டறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஊர்ப்பெயர்தான். தேனி, ராசிபுரம், அரூர், முசிறி. என்னைக் கொஞ்ச நாள் கோவில்பட்டி என்றார்கள். முதல் தடவை ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்கே அது கடலைமிட்டாய் ஆகிவிட்டது. பெயரோடு ஒரு கடமையும் வந்து சேர்ந்தது. மிட்டாய் இல்லாமல் ஊரிலிருந்து வந்தால் ஸ்டோர்ஸில் எனக்குக் கையுறை கிடைக்காது.

இதையெல்லாம் நட்பு என்று சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரும் அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் மிஷின் சத்தத்தில் கத்திப் பேசியவனுக்கு அப்புறம் யாரோடும் பேசப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். ஊரைச் சுற்றிப் பார்த்தேன். சந்திரசூடேஸ்வரர் மலை ஏறினேன். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்த்தேன். கெலவரப்பள்ளி அணைக்குப் போய் வந்தேன். இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகள் தீரவில்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஊர்க்காரர்களைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி மளிகைக் கடை. அதன் முன்னால் ஞாயிறு சாயங்காலம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துப் பையன்கள் கூடுவார்கள். முதல் தடவை “எந்தூருலே?” என்று ஒருவன் கேட்டபோது அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கூட்டம் எனக்குச் சீக்கிரம் அலுத்துப்போனது. காரணத்தைப் பிறகு யோசித்திருக்கிறேன். அங்கே யாருமே ஓசூரில் இருக்கவில்லை. பேச்சு பூராவும் ஊர்ப் பேச்சு, இல்லையென்றால் பெங்களூர்ப் பேச்சு. அது ஒய்2கே காலம். கம்ப்யூட்டர் சென்டர்களில் ஜாவாவும் மெயின்ஃப்ரேமும் படித்தவன் எல்லாம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தான் என்று பேச்சு. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். “இன்னும் ஆறு மாசம்லே, அங்கிட்டுப் போயிருவேன்” என்று ஒவ்வொருவனும் சொன்னான். ஆறு மாசத்தில் போகிறவன் கட்டில் வாங்க மாட்டான், மெஸ்ஸில் மாதக் கணக்கு வைக்க மாட்டான், நண்பனும் வைத்துக்கொள்ள மாட்டான். பெட்டியைப் பிரிக்காமலே ரெண்டு மூன்று வருஷம் ஓட்டியவர்களை நான் அங்கே பார்த்தேன்.

எஸ் எழுத்துக்காரர்கள் முதலில் இன்லண்டு லெட்டர் எழுதினார்கள், அப்புறம் பொங்கல் வாழ்த்து அனுப்பினார்கள், அப்புறம் யாஹூவில் யாரோ எழுதிய ஜோக்கை எல்லாருக்குமாகத் தள்ளிவிட்டார்கள். இதில் யார் மேலும் குற்றமில்லை. அடுத்தடுத்து உட்கார வைக்க ஆள் இல்லை என்றால் அப்படித்தான் ஆகும்.

நான் குடியிருந்தது மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீடு. வாசலில் நின்று ‘டு லெட்’ பலகையைக் காட்டினால் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி “ஃபேமிலியா, பேச்சுலரா?” என்பது. பேச்சுலர் என்ற சொல்லைக் கேட்டதும் காலியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று சொந்தக்காரர் குடிவர இருப்பார். அதைக் கேட்காமல் சாவியைக் கொடுத்தது ஒரு தெலுங்குக்காரப் பாட்டி மட்டும்தான். எல்லாரும் அவ்வா என்றார்கள், நானும் அவ்வா என்றேன். சிமென்ட் ஷீட் போட்ட ஆறு வீடுகள் எதிரும் புதிருமாக. நடுவே ஒரு முற்றம், முற்றத்தில் ஒரே ஒரு குழாய்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. நான் போனபோது மூக்கண்டப்பள்ளி தனி ஊராட்சி, போர்வெல் தண்ணீர்தான். நாள்விட்டு ஒரு நாள் வரும், சில சமயம் மூன்று நாளுக்கு ஒரு தடவை. நேரம் கிடையாது. காலையில் வரலாம், நடுமத்தியானம் வரலாம், மின்சாரம் எப்போது இருக்கிறதோ அப்போது. குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டால் ஆறு வீட்டிலிருந்தும் குடங்கள் ஓடிவரும். குடும்பம் இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் இருப்பார். நான் ஒற்றை ஆள். தண்ணீர் வரும்போது பட்டறையில் இருப்பேன், நான் வீட்டில் இருக்கும்போது குழாய் காய்ந்து கிடக்கும். பட்டறையிலேயே குளித்துவிட்டு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சமாளித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி வளர்த்திருந்தார்கள், அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது.

ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அவ்வா வாசலில் உட்கார்ந்திருந்தார். “நாயனா, குடிக்கிறதுக்குக்கூட உன் வீட்ல தண்ணி இல்லயாமே. சாவிய எங்க வெச்சிட்டுப் போறே?” என்றார். பையில் வைத்துக்கொண்டு போகிறேன் என்றேன். “பையில வெச்சிட்டுப் போனா தண்ணி நடந்து உள்ள வருமா?” என்று சாவியைக் கேட்டு வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர்ப் பஞ்சமில்லை. பதிலுக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. ரெண்டு–பத்து ஷிஃப்ட் வாரங்களில் காலை முழுக்க நான் வீட்டில் இருப்பேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டு ராசிபுரம் அண்ணன் வேலைக்குப் போயிருப்பார், அவர் மனைவி குழந்தையை நர்சரி பள்ளியில் விடப் போயிருப்பார். அவர்கள் சாவி என்னிடம். கடைசி வீட்டில் இருந்த தேனிக்காரனும் இன்னொரு பையனும் சாவியைக் கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டு, இருக்கிற இடத்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் யார் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பது லைன் முழுக்கத் தெரிந்துபோனது. இருக்கிறவன் பிடிப்பான், இல்லாதவனுக்கு நிறைந்திருக்கும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை.

அடுத்தவனுடைய பூட்டிய வீட்டுக்குள் அடிக்கடி போய் வந்தால் அவனைப் பற்றி அவன் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். தேனிக்காரன் தலையணைக்கு அடியில் குரூப் ஃபோர் பரீட்சை கைடு இருந்தது. பட்டறையில் எவனிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. ராசிபுரம் வீட்டில் மாதக் கடைசியில் அரிசி டப்பா திறந்தே கிடக்கும். என் வீட்டில் அவர்கள் என்ன பார்த்தார்களோ தெரியாது. ஒரு நாள் என் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளிக்காய்ச்சல் மூடி வைத்திருந்தது.

நண்பர்கள் கிடைக்க வேண்டுமென்றால் பிறருக்கு உதவியாக இரு என்று புத்தகங்கள் சொல்கின்றன. என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. புது ஊரில், கேட்காமலே உதவிக்கு ஓடி வருகிறவனைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், சீட்டு சேர்க்க வந்திருக்கிறானா, பாலிசி விற்க வந்திருக்கிறானா என்று. கேட்கிறவன் மேல் அந்தச் சந்தேகம் வராது. ஒரு குடம் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்று சொல்கிறவன், நான் இங்கே இருக்கப் போகிறேன், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறான். அண்ணாச்சி கடை முன்னால் நின்ற எங்கள் ஊர்ப் பையன்கள் ஒருவரிடம் ஒருவர் எதுவுமே கேட்டுக்கொண்டதில்லை. ஒரு டீக்குக்கூட அவரவர் காசு.

மார்கழி வந்தது. ஓசூர்ப் பக்கம் மார்கழி என்றால் அவரை. பாகலூர், கெலமங்கலத்துக் காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காயைக் கையில் எடுத்தாலே ஒரு எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் ஒட்டிக்கொள்ளும். அந்த வாசனைதான் நல்ல காய்க்கு அடையாளம். பருப்பை உரித்து ஊற வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு பிதுக்கு. தோல் கையோடு நின்றுவிடும், பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். பிதுக்குப் பருப்பு என்று இதற்குப் பெயர். தேங்காய், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு அரைத்துவிட்டுக் குழம்பு வைத்து, ராகிக் களி உருண்டையோடு சாப்பிட வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்து பிதுக்கினால் அது ஒரு நாள் வேலை. அதனால் யாரும் தனியாகச் செய்வதில்லை.

அவ்வா ஒரு பெரிய அன்னக்கூடையில் ஊற வைத்த பருப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டு லைன் முழுக்கக் குரல் கொடுப்பார். ஆம்பளைப் பிள்ளைகளுக்கும் விலக்கு கிடையாது. பட்டறைக் கையோடு உட்கார்ந்தால் மட்டும் எழுப்பிவிடுவார். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வர வேண்டும், பருப்பில் கூலன்ட் நாறக் கூடாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வட்டமாக உட்காருவோம். கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் கூடையில் இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு அப்போதுதான் வந்தது. தேனிக்காரன், மூன்று தடவை பரீட்சை எழுதியும் தேறவில்லை, அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றான். ராசிபுரத்து அக்கா, கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊர்க் குளிரும் மொழியும் பிடிக்காமல் ரெண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிய கதையைச் சொன்னார். அண்ணன், “இது எனக்கே தெரியாதே” என்றார். அவ்வா தன் பெண்ணை ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்த கதையைத் தெலுங்கில் சொல்லி, எங்கே புரியாது என்று நினைத்தாரோ அங்கே மட்டும் தமிழுக்கு வந்தார். நாலு வருஷம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடியப் பேசியிருக்கிறேன். சினிமா, கிரிக்கெட், பெண்கள், அரசியல். இந்த மாதிரிப் பேச்சு அங்கே ஒரு தடவைகூட வந்ததில்லை.

பிப்ரவரியில் வேறொரு கூத்து. ஓசூரைச் சுற்றிப் பசுமைக் குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள், காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்குப் போகும். அவ்வாவின் மகன் அப்படி ஒரு தோட்டத்தில் கட்டிங் வேலை பார்த்தார். காம்பு நீளம் குறைந்தாலோ இதழ் ஓரத்தில் கறுப்பு விழுந்தாலோ ஏற்றுமதிக்குத் தேறாது. அந்தக் கழிவு ரோஜாவை ராத்திரி கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். தாஜ்மஹால் என்கிற ரகம், அரக்குச் சிவப்பு. குடிக்கவே தண்ணீர் எண்ணிச் செலவு செய்கிற லைனில், ஆறு வீட்டு பக்கெட்டிலும் ரோஜா. காதலிக்க ஆளில்லாத மூன்று பேச்சுலர்கள் அதற்கு நடுவே உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தோம்.

2000 ஜூலை 30-ஆம் தேதி ராத்திரி கஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். மறுநாளே பெங்களூர் மூடிக்கொண்டது. தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூரோடு நின்றன. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் அங்கிருந்து ஓடி வந்த குடும்பங்கள் ஓசூரில் நிறைய. அதனால் பயம் சும்மா வந்ததில்லை. ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஜனங்கள் மூட்டையோடு நடந்து கடந்தார்கள். ஆறு மாசத்தில் போயிருவேன் என்று சொல்லி நிஜமாகவே பெங்களூர் போய்விட்ட எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் அப்படி நடந்து வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் ஷிஃப்டில் இருந்தேன். அவ்வா முந்தானையை அவிழ்த்துச் சாவியை எடுத்து அவர்களை உள்ளே விட்டுவிட்டு, நான் வருவதற்குள் களி கிண்டிப் போட்டிருந்தார். அவர் பெண் குடும்பமோ எல்லைக்கு அந்தப் பக்கம். ரேடியோவில் கன்னடச் செய்தியை அவர் கேட்டுச் சொல்ல, தமிழ்ச் செய்தியை நாங்கள் கேட்டுச் சொல்ல, முற்றத்தில் எல்லாருமே ராஜ்குமார் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தோம். 108 நாள் கழித்து நவம்பரில் விட்டான். எங்கள் ஊர்ப் பையன்கள் அதற்கு வெகு முன்பே பஸ் ஓடத் தொடங்கியதும் போய்விட்டார்கள். போகும்போது ஒருவன், “நீ இங்கனயே செட்டில் ஆயிட்டலே” என்றான். கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொன்னான்.

அவன் சொன்னது உண்மை என்று எனக்கு உறைத்தது அடுத்த வருஷம். அப்போது நான் பர்மனன்ட் ஆகியிருந்தேன். பட்டறை ஊழியர்களுக்கு ஒரு சிக்கன நாணயச் சங்கம் உண்டு, சொசைட்டி என்போம். கடன் வேண்டுமென்றால் பர்மனன்ட் ஊழியர் ரெண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். ஒரு நாள் ராத்திரி ராசிபுரம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக உள்ளே வந்து கட்டிலில் உட்காருகிறவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றார்.

“தம்பி, ஒரு கையெழுத்து வேணுமே.”

தங்கைக்குக் கல்யாணம். தொகை என் ஒரு வருஷச் சம்பளத்தைத் தாண்டியது. காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு எஸ்டிடி பூத்துக்குப் போய் அம்மாவிடம் பேசினேன். “ஏய்யா, என்ன வேணா செய்யி, யாருக்கும் ஜாமீன் கீமீன்னு கையெழுத்து மட்டும் போட்டுறாத. ஒங்கப்பா பட்டது பத்தாதா?” அம்மா சொன்னதில் தப்பே இல்லை. அப்பா ஒருவருக்கு ஜாமீன் போட்டு எங்கள் வீட்டு நகைகள் போன கதை எனக்குத் தெரியும்.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு அந்தக் கணக்கு எதுவும் ஓடவில்லை. இந்த ஊரில் என்னிடம் வந்து கையெழுத்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் ஓடியது. ஜாமீன் என்பது ஒரு ஊரில் இருக்கப் போகிறவனிடம் மட்டுமே கேட்கக் கூடியது. ஆறு மாசத்தில் போகிறவனிடம் எவனும் கேட்க மாட்டான். காலையில் ஷிஃப்டுக்கு முன் போட்டுக் கொடுத்தேன். அம்மாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை.

ஒரே ஒரு மாதம் அவருக்குச் சம்பளம் பிடித்தமாகி, தவணை என் கணக்கில் விழுந்தது. சம்பளச் சீட்டைப் பார்த்து நான் யோசித்துக்கொண்டு வருவதற்குள் அவர் மனைவி அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அவ்வாவிடம் கொடுத்துவைத்திருந்தார். தேனிக்காரன் நாலாவது தடவையில் பரீட்சை தேறி, அரசு வேலை கிடைத்து, சொந்த மாவட்டத்துக்கே போய்விட்டான். அவன் போன பிறகும் அவன் வீட்டுச் சாவி ஒன்று கொஞ்ச நாள் நிலைக்கு மேலேயே இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது நான்தான்.

2004 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தைப் பிரித்தார்கள், ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனது. அதே வருஷம் ராசிபுரம் அண்ணன் சொசைட்டிக் கடனைக் கட்டி முடித்தார். அடுத்து என் கல்யாணம் வந்தது, நான் கடன் போட்டேன். முதல் ஜாமீன் கையெழுத்து அவருடையது.